பாட்டால் கட்டிய சங்கம்: மீனாட்சியம்மாள் நடேசய்யர்



தென்னாட்டிலிருந்து வந்து இலங்கையின் இந்த மலைகளில் வாழ்க்கையைத் தொடங்கிய முன்னோடிப் பெண் ஒருவரைப் பற்றியும் அவர் குடும்பத்தைப் பற்றியும் பேச வேண்டும் என்று இந்தக் கூட்டத்தை நடத்துபவர்கள் கேட்டுக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பவர் ஒரு நாளும் கூடை சுமந்தவர் அல்ல. கொழுந்து பறித்து நாட்கூலிக்குப் பேர் போட்டவரும் அல்ல. ஆனால் பேர் போட்ட பெண்களுக்காக மேடையேறிப் பாடியவர், பாட்டு எழுதி அச்சிட்டவர். மீனாட்சியம்மாள் என்று பெயர். மலையகத் தொழிற்சங்கத்தின் தந்தை என்று நாம் சொல்கிற கோ. நடேசய்யரின் மனைவி. நம் மேடைகளில் அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அந்த ஒரு வரியோடு நின்றுபோகிறது. அதற்குப் பிறகு சொல்ல நிறைய இருக்கிறது என்பதற்காகத்தான் இன்று இங்கே நிற்கிறேன்.

அவர் யாருக்காகப் பாடினார் என்பதை முதலில் பார்ப்போம். காப்பிக் காலத்தில், 1820களிலிருந்து ஐம்பது வருடம்போல, மலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பழம் பழுக்கும் காலத்தில் வருவார்கள், பறித்து முடித்ததும் கையில் மிஞ்சியதைக் கொண்டு ஊர் திரும்புவார்கள். தேயிலை அப்படியில்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையைப் போட்டார். அதன் பிறகு காப்பி இலைநோயில் அழிய, மலையெல்லாம் தேயிலை ஆயிற்று. தேயிலைச் செடி வருடம் முழுவதும் துளிர்க்கும். ஏழெட்டு நாளைக்கு ஒரு முறை அதே மலைக்குப் போய்ப் பறிக்க வேண்டும். அதற்கு நிரந்தரமாகத் தங்கும் ஆட்கள் தேவை. அதிலும் பெண்கள் தேவை, பிள்ளைகளும் தேவை. திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆள் கட்டிக் கொண்டுவந்தது இதற்காகத்தான். ரயில் 1884இல் அட்டனுக்கும் அடுத்த வருடம் நானுஓயாவுக்கும் வந்து சேர்ந்தபோது, நம் தலவாக்கலையைச் சுற்றியிருந்த காடு பச்சையாய் வெட்டி விரித்த தோட்டமாகியிருந்தது.

அந்தத் தோட்டத்துப் பெண்ணின் நாளை இங்கே இருப்பவர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. விடியுமுன் தப்பு அடிக்கும் சத்தத்தில் எழுந்து, ரொட்டி தட்டி, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டு, படங்கைச் சுற்றிக்கொண்டு மலைக்கு ஏற வேண்டும். கொழுந்தைத் தராசில் போடும்போது கணக்கப்பிள்ளை குறைத்து எழுதுவதைப் பார்த்துக்கொண்டு வாய் மூடி நிற்க வேண்டும். இறங்கி வந்தால் அடுப்பு. இதற்கெல்லாம் சம்பளம் என்ன? 1927ஆம் வருட இந்தியத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 1929இல் முதல் முறையாகக் குறைந்தபட்ச சம்பளம் நிர்ணயித்தார்கள். உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். தோட்டம் ஓடியதே பெண்ணின் விரல் நுனியில். சட்டப் புத்தகத்திலோ அவள் கூலி 11 சதம் குறைவு. அந்தக் கூலியையும் சம்பள மேசையில் புருஷன் வாங்கிக்கொள்வதே வழக்கம். அவன் வீட்டுக்கு வரும் வழியில் தவறணை இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதே காலத்தில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் தொடங்கி, பின்னர் நம் சென்கூம்ஸ் தோட்டத்துக்கு வந்து நிலைத்தது. இலையைத் தாக்கும் பூச்சியையும் மண்ணின் புளிப்பையும் அங்கே நுணுக்கமாக ஆராய்ந்தார்கள். இலையைப் பறித்தவளைப் பற்றி ஆராய யாருக்கும் தோன்றவில்லை.

இனி நடேசய்யர். 1887இல் தஞ்சாவூர் மாவட்டத்தில் பிறந்தவர். வர்த்தகர்களுக்காக ஒரு பத்திரிகை நடத்திய தொடர்பில் இலங்கைக்கு வந்தார். வந்த இடத்தில் தோட்டத்து மக்களின் நிலையைப் பற்றிக் கேள்விப்பட்டு நேரில் பார்க்க விரும்பினார். துரையின் அனுமதியில்லாமல் வெளியாள் எவரும் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலம் அது. புடவை வியாபாரியாக மூட்டை தூக்கிக்கொண்டு, தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்கு ஒவ்வொன்றாகப் போனார். கண்டதை ‘பிளான்டர் ராஜ்’ என்ற துண்டுப் பிரசுரமாக எழுதினார். 1921இல் ‘தேசநேசன்’, 1924இல் ‘தேசபக்தன்’ என்று பத்திரிகைகள் தொடர்ந்தன. 1925இலிருந்து 1931 வரை சட்ட நிரூபண சபையில் இந்தியர் பிரதிநிதியாக இருந்தார். கொழும்பில் ஏ. ஈ. குணசிங்கவோடு சேர்ந்து தொழிற்சங்க வேலை செய்து, குணசிங்கவின் இயக்கம் இந்தியர் எதிர்ப்பின் பக்கம் சாய்ந்ததும் 1928இல் பிரிந்தார். 1931 ஜனவரியில் அட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளருக்கென்றே எழுந்த முதல் பெரிய சங்கம் அது.

இந்த வரலாறு உங்களுக்குத் தெரியும். சாரல் நாடன் 1988இல் ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’ நூலை எழுதியிராவிட்டால் இதுவும் நமக்குத் தெரிந்திராது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு, பழைய பத்திரிகைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் படித்து அவர் அந்தப் புத்தகத்தை எழுதினார். பல்கலைக்கழகங்கள் செய்யாத வேலை அது. இந்த மேடையில் அவருக்கு நன்றி சொல்வது என் கடமை.

இந்த வரலாற்றில் நான் சுட்டிக்காட்ட விரும்புவது ஒன்று. ஐயர் பத்திரிகை நடத்தினார், சபையில் பேசினார், சங்கம் கட்டினார் என்று ஒருமையில் சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பத்திரிகையில் பெண்களுக்காக எழுதியவர் மீனாட்சியம்மாள். பத்திரிகையை நடத்தும் பொறுப்பிலும் அவருக்குப் பங்கு இருந்தது. அச்சு வேலை, கூட்டம், பிரசுரம், விற்பனை எல்லாம் ஒரு குடும்பத்தின் வேலையாகவே நடந்தன. ஒருவர் சிறைக்கோ சபைக்கோ போய்விட்டாலும் வேலை நிற்காமல் ஓட வேண்டுமானால் வீடே அலுவலகமாக வேண்டும். காசில்லாத இயக்கங்கள் எல்லாம் அப்படித்தான் பிழைத்திருக்கின்றன.

பெண்ணுரிமை பற்றி அவர் எழுதிய காலத்தைக் கவனியுங்கள். இலங்கையின் அரசியல் சீர்திருத்தத்தை ஆராய டொனமூர் ஆணைக்குழு 1927இல் வந்து விசாரணை நடத்தியது. கொழும்பில் அந்த வருடக் கடைசியில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உருவாயிற்று. அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் பெரிய வீட்டு அம்மாக்கள். அவர்கள் சாட்சி சொல்லப் போனபோது, தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று டொனமூர் பிரபு கேட்டார். சற்றும் தயங்காமல், நிச்சயமாக வேண்டும், அவர்களும் பெண்கள்தானே என்ற பொருள்பட அக்னஸ் டி சில்வா பதில் சொன்னார். அந்த அம்மையாரை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். ஆனால் அந்தக் கேள்வி எழுந்ததும் பதில் வந்ததும் கொழும்பில், ஆங்கிலத்தில். தலவாக்கலை மலையில் கொழுந்து பறித்தவளுக்கு, உனக்கும் ஒரு வாக்கு வரப்போகிறது என்று தமிழில் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது. அந்த வேலையைச் செய்தவர்களின் முன்வரிசையில் மீனாட்சியம்மாள் இருந்தார்.

வாக்கு வந்தது. ஆணைக்குழு பெண்ணுக்கு முப்பது வயது என்றது. 1931இல் அமுலுக்கு வந்தபோது ஆணுக்கும் பெண்ணுக்கும் இருபத்தொன்று என்றாயிற்று. இந்தியாவில் எல்லாருக்கும் வாக்கு வர இன்னும் இருபது வருடம் இருந்தது. ஆனால் நம்மவருக்கு மட்டும் நிரந்தர வாசம், ஐந்து வருடத் தங்கல், சான்றிதழ் என்று வேலி போட்டார்கள். அந்த வேலியைத் தாண்டி 1931இல் பதிவானவர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர்.

இப்போது பாட்டுக்கு வருகிறேன். இன்றைய பேச்சின் மையம் இதுதான்.

மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாரதி பாடல்களைப் பாடினார். பாரதி இறந்தது 1921இல். 1928இல் சென்னை அரசாங்கம் அவருடைய பாடல் நூல்களைப் பறிமுதல் செய்தது. சட்டசபையில் சத்தியமூர்த்தி அதை எதிர்த்து வாதாட வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட பாடல்கள் கடல் தாண்டி, தோட்டத்துரைகளின் ஆட்சி நடந்த மலைநாட்டில் ஒரு பெண்ணின் குரலில் ஒலித்தன. தமிழ்நாட்டிலும் அந்தக் காலத்தில் வை. மு. கோதைநாயகி போன்ற சிலர் மேடையில் பேசவும் பாடவும் செய்தார்கள். கோதைநாயகிக்கு ‘ஜகன்மோகினி’ என்ற பத்திரிகை இருந்தது, காசு கொடுத்து வாங்கிப் படிக்கும் பெண்கள் கூட்டமும் இருந்தது. மீனாட்சியம்மாளின் முன்னால் நின்றவர்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கைநாட்டு மட்டும்தான்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களைத் திரட்ட வேண்டும். தோட்டத்துக்குள் போய்ப் பேசினால் அத்துமீறல் என்று வழக்கு வரும். சம்பள ஞாயிறு அன்று டவுனுக்கு வருகிறவர்களிடம் பேசலாம். ஆனால் யார் யார் நின்று கேட்டார்கள் என்று பெரிய கங்காணியின் ஆட்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மறுநாள் பெரட்டில் பேர் இல்லை என்று துரத்திவிடலாம். வேலை போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போயிற்று. இந்த நிலையில் ஒரு பேச்சாளர் ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனால் அதில் எத்தனை சொல் லயத்துக்குப் போய்ச் சேரும்? பாட்டு போய்ச் சேரும். பாட்டைக் கேட்டவள் மலையில் பாடுவாள். பக்கத்து நிரையில் நிற்பவள் பிடித்துக்கொள்வாள். சங்கத் துண்டுப் பிரசுரம் கையில் இருந்தால் அகப்பட்டுக்கொள்ளலாம். வாயில் இருக்கும் பாட்டை எந்தத் துரை பறிமுதல் செய்வார்?

அவர் தேர்ந்துகொண்ட வடிவத்தைப் பாருங்கள். ஒரு பிரசுரத்துக்கு ‘இந்தியத் தொழிலாளர் துயரச் சிந்து’ என்றே பெயர். சிந்து என்பது அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்து போல இலக்கியமாகப் பேர் வாங்கியதும் உண்டு. ஆனால் சந்தையிலும் ரயிலிலும் விற்ற கொலைச் சிந்து, புயல் சிந்து, ரயில் விபத்துச் சிந்து என்ற காலணாப் பாட்டுப் புத்தகங்களே சாதாரண மக்களின் செய்தித்தாள். ஊரில் ஒரு கொலை நடந்தால் ஒரு வாரத்தில் அது சிந்தாகி விடும். விற்கிறவன் பாடிக் காட்டியே விற்பான். தோட்டத்துக்கு வந்தவர்கள் இந்தப் பழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். இராத்திரி லயத்து வாசலில் எழுத்துத் தெரிந்த ஒருவர் அல்லியரசாணி மாலையோ பவளக்கொடி மாலையோ பெரிய எழுத்துப் புத்தகத்தில் ராகம் போட்டு வாசிப்பார். சுற்றி இருபது பேர் உட்கார்ந்து கேட்பார்கள். மாசியில் காமன் கூத்து, அதற்குப் பிறகு அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் என்று பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. மீனாட்சியம்மாள் இவர்களுக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த வாய்க்காலில் கூலியையும் கங்காணியையும் சட்டத்தையும் திருப்பிவிட்டார். சனங்களுக்குப் பழகிய மெட்டுகளை எடுத்துக்கொண்டார். மெட்டு தெரிந்திருந்தால் வரியைப் பிடிக்க ஒரு தடவை கேட்டால் போதும்.

இதைச் சிலர் மட்டமான பிரச்சாரப் பாட்டு என்று ஒதுக்குவார்கள். இலக்கியத் தராசில் வைத்தால் நிறை குறையும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பாட்டுகள் எழுந்தது தராசுக்காக அல்ல. நடேசய்யரும் 1931இல் ‘நீ மயங்குவதேன்?’, 1937இல் ‘வெற்றியுனதே’ என்ற நூல்களையும், ‘தொழிலாளர் அந்தரப் பிழைப்பு’ என்ற நாடகத்தையும் வெளியிட்டார். நல்ல எழுத்து. ஆனால் உரைநடை படிக்கத் தெரிந்தவரைத் தேடிப் போக வேண்டும். லயத்துக்குள் ஆழமாகப் போகக் கூடிய வடிவத்தைக் கையில் எடுத்தவர் மனைவிதான் என்பது என் தீர்ப்பு. கணவரின் பேச்சு ஆண்களை மைதானத்துக்கு இழுத்தது. மனைவியின் பாட்டு பெண்களின் வாயில் தோட்டத்துக்குள் திரும்பிப் போனது. இரண்டும் சேர்ந்தே சங்கம்.

1930களின் கடைசி வருடங்கள் கடுமையானவை. இந்தியர் எதிர்ப்பு அரசாங்க சபையிலேயே கொள்கையாகியது. 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலி வேலை பார்த்த இந்தியர்களை வீட்டுக்கு அனுப்ப மந்திரிகள் முடிவு செய்தார்கள். ஜவஹர்லால் நேரு ஜூலையில் வந்து பேசிப் பார்த்தார். பலனில்லை. அந்த வருகையின்போதுதான் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. ஆகஸ்டில் இந்திய அரசாங்கம் கூலித் தொழிலாளர் இலங்கைக்குப் போவதற்கே தடை போட்டது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அந்த வருடம் மீனாட்சியம்மாள் வெளியிட்ட நூலின் பெயர் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’. தொழிலாளியின் துயரத்தோடு, இந்த நாட்டில் நம் இடம் என்ன என்ற அரசியல் கேள்வியும் அதில் பாட்டாகியது. மந்திரிகளின் பேச்சுக்கு ஒரு பெண் பாட்டில் பதில் சொல்கிறார். அந்தத் துணிச்சலுக்கு இணை அக்காலத்து இலங்கைத் தமிழ் எழுத்தில் எனக்குத் தெரிந்து குறைவு.

ஒரு விமர்சனத்தையும் வைக்க வேண்டும். அவருடைய இரண்டு நூல்களின் தலைப்பிலும் இந்தியர் என்ற அடையாளம் இருக்கிறது. டொனமூர் ஆணைக்குழுவே 1928இல் தோட்டத்து மக்களில் 40 முதல் 50 சதவீதத்தினர் இங்கேயே நிலைத்துவிட்டவர்கள் என்று கணித்திருந்தது. தலவாக்கலையில் பிறந்து, ஊர் எது என்றால் தோட்டத்தின் பெயரைச் சொல்லும் தலைமுறை அப்போதே வளர்ந்துவிட்டது. அவர்களையும் இந்தியர் என்றே அழைத்த அரசியல், உங்கள் நாடு அங்கே இருக்கிறது என்று சொல்லக் காத்திருந்தவர்களுக்கு வசதியாகப் போயிற்று. மீனாட்சியம்மாளை மட்டும் இதற்குக் குறை சொல்வது நியாயமில்லை. அன்று எல்லாத் தலைவர்களும் அந்த மொழியில்தான் பேசினார்கள், இலங்கை இந்தியக் காங்கிரசின் பெயரிலும் அது இருந்தது. என்றாலும் அடுத்த பத்தாண்டில் அதற்கு நாம் கொடுத்த விலை பெரிது.

நடேசய்யர் 1936இலிருந்து அட்டன் தொகுதியில் அரசாங்க சபை உறுப்பினராக இருந்தார். 1947 பொதுத் தேர்தலில் மஸ்கெலியாவில் நின்று தோற்றார். அதே வருடம் நவம்பர் 7ஆம் திகதி காலமானார். அந்தத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பிடித்தது. நம் தலவாக்கலை ஆசனத்தில் வென்றவர் மடக்கொம்பரையின் மைந்தர் சி. வி. வேலுப்பிள்ளை. ஏழு பேரும் ஆண்கள். மேடையில் பாடிக் கூட்டம் சேர்க்க ஒரு பெண் வேண்டியிருந்தது, ஆசனத்தில் உட்கார வேண்டியிருக்கவில்லை. இன்றைக்கும் நம் சங்கங்களில் சந்தாப் பணத்தில் பெரும்பகுதி பெண்ணின் சம்பளத்தில் வெட்டப்படுகிறது. நிர்வாகக் குழுப் படங்களை எடுத்துப் பாருங்கள்.

அடுத்தது என்ன நடந்தது என்பது உங்கள் குடும்ப வரலாறு. 1948இன் சட்டத்தால் குடியுரிமை போயிற்று, 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1931இல் முதல் முறையாக வாக்குச் சீட்டைத் தொட்ட பெண் கிழவியாவதற்குள் அதை இழந்தாள். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தது. அக்கா இங்கே கொட்டகலையில், தங்கச்சி இந்தியாவில் கூடலூரில் என்றாயிற்று. 1977 மே 11ஆம் திகதி, தோட்டக் காணிகளைப் பறிப்பதற்கு எதிராக இந்தப் பகுதியில் எழுந்த ஊர்வலத்தில் டெவன் தோட்டத்துச் சிவனு லட்சுமணன் சுடப்பட்டு இறந்தார். பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே சம்பளம் என்பது 1984இல்தான் நடைமுறைக்கு வந்தது. 43 சதத்துக்கும் 54 சதத்துக்கும் இடையிலிருந்த அந்தப் பள்ளத்தை மூட ஐம்பத்தைந்து வருடம் எடுத்தது.

சி. வி. வேலுப்பிள்ளை தம் கடைசிக் காலத்தில் மலைநாட்டு மக்கள் பாடல்களைத் திரட்டி 1983இல் நூலாக்கினார். அடுத்த வருடம் மறைந்தார். அவர் திரட்டியது யார் எழுதியது என்று தெரியாத வாய்மொழிப் பாட்டு. அதன் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டியவை மீனாட்சியம்மாளின் அச்சுப் பாட்டுகள். ஒன்று லயத்திலிருந்து வந்தது, மற்றது லயத்துக்குப் போனது. இரண்டையும் ஒரே வகுப்பில் நம் பிள்ளைகள் படிக்க வேண்டும். கூடியிருக்கும் ஆசிரியர்களிடம் இதைக் கோரிக்கையாகவே வைக்கிறேன். தமிழ் மொழித் தினப் போட்டிக்குப் பாட்டுத் தேடும்போது இவருடைய பாட்டில் ஒன்றை எடுத்துக் கொடுங்கள்.

இன்னொரு வேண்டுகோள் தோட்டங்களிலிருந்து வந்திருப்பவர்களுக்கு. உங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில், தாத்தாவின் பற்றுச்சீட்டு, பிரஜாவுரிமைக் கடிதங்கள் இருக்கும் கட்டுக்குள், அட்டை கிழிந்த பழைய பாட்டுப் புத்தகம் ஏதாவது இருந்தால் விறகடுப்புக்குப் போட்டுவிடாதீர்கள். ஈழத்து நூல்களை மின்வடிவில் சேர்த்துவைக்கும் நூலகம் நிறுவனம் 2005இலிருந்து இயங்குகிறது. படம் எடுத்துக்கொண்டு புத்தகத்தை உங்களிடமே திருப்பித் தரும்படி கேட்கலாம். அல்லது உங்கள் பாடசாலை ஆசிரியர் ஒருவரிடம் கொடுங்கள். இன்று வீட்டுக்குப் போனதும் அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.